முதலில் வெறும் ஸ்லைடைப் பார்

நீ மூன்று வரியில்தான் கேட்டிருந்தாய். "அம்மா, இங்க என் தொட்டிக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்? எவ்ளோ பவர் வேணும்?" நானும் மூன்று வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் வேலைக்குப் போன காலமெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய் மைக்ரோஸ்கோப்பைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? மாட்டிக்கொண்டாய். உட்கார்ந்து படி.

இதை நாலு பேர் பார்க்கும்படியாகவே எழுதுகிறேன். உன்னைப் போல வீட்டு ஹாலில் கடலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அதில் பழுப்பாக ஏதாவது படர்ந்தால் கையைப் பிசைகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கும் உதவட்டும். கடைசியில் உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

அந்த மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். உன் அப்பா பட்டுக் கடை ஒன்றில் நெய்து வருகிற சேலைகளைச் சரிபார்க்கிறார். நீ எங்கள் ஒரே பிள்ளை. சென்ற ஆண்டு வேலை கிடைத்து ஹாம்பர்க் போனாய். போகும்போது பெட்டி, படுக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு போக முடியாத ஒன்றை ஹாலில் விட்டுவிட்டுப் போனாய். அதுதான் அந்தக் கடல் தொட்டி. பாறைகள், பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன்கள். அதை நீ வாங்கி வைத்த அன்றைக்கே உன் அப்பா சொன்னார். "கடலோரத்துல இருக்கறவனே கடலை வீட்டுக்குள்ள வுடல. இவன் காஞ்சிபுரத்துல கொண்டாந்து வெச்சிக்கினு கீறான்."

நீ போன பிறகு தினமும் கூப்பிட்டாய். முதல் கேள்வி, "தண்ணி எப்படிம்மா இருக்குது?" இரண்டாவது, "மீன் சாப்டுதா?" நாங்கள் சாப்பிட்டோமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உப்பு அளவைச் சொல்வேன், சூட்டைச் சொல்வேன், ஃபோனைத் தொட்டிக்கு நேராகத் திருப்பிக் காட்டுவேன். அதற்கு நடுவில் உன் குரல் எப்படி இருக்கிறது, சளி பிடித்திருக்கிறதா, பின்னால் தெரிகிற சுவரில் இன்னும் ஒன்றுமே மாட்டவில்லையா என்று நான் பார்த்துக்கொள்வேன். அந்தத் தொட்டி இருக்கிற வரைக்கும் நீ கூப்பிடுவாய் என்பது எனக்கு முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. அதனால்தான் மணலில் பழுப்பாகச் சளி படர்ந்து, "போதும்மா, எல்லாத்தையும் கடைக்காரங்கிட்டக் குடுத்துட்டுத் தொட்டியைக் காலி பண்ணிடு" என்று நீ சொன்னபோது, "சும்மா இருடா, பார்த்துக்கலாம்" என்றேன். மீனுக்காகச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய்.

பழுப்புச் சளியைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்கிற டயாட்டம் என்ற பாசியாக இருக்கலாம். அது தானாகப் போய்விடும். சயனோ என்கிற பாக்டீரியாவாக இருக்கலாம். அல்லது டைனோ என்று நீங்கள் எல்லாரும் பேரைச் சொல்லவே பயப்படுகிற சாட்டைவால் உயிரியாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். காய்ச்சல் என்று வந்தவனுக்கு ரத்தம் பார்க்காமல் மாத்திரை கொடுக்கிற கதைதான். ஆகவே மைக்ரோஸ்கோப் தேவையா என்று கேட்டால், தேவை.

எது வாங்குவது? இங்கே பழுப்பு படர்ந்தபோது நீ எனக்கு ஒரு படம் அனுப்பினாய். பேனா மாதிரி ஒன்று, கம்ப்யூட்டரில் சொருகுவது, பெட்டியில் இரண்டாயிரம் மடங்கு என்று கொட்டை எழுத்து. பெட்டியில் எழுத என்ன செலவு? உன் அப்பா சேலை இழையை எண்ண ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருக்கிறாரே, அதுவே அதைவிடத் தெளிவாகக் காட்டும். அந்த லென்ஸ் உனக்கு வேண்டாம் என்று நினைக்காதே. பவளத்தின் மேல் ஒட்டுகிற தட்டைப்புழு, நத்தை முட்டை இதற்கெல்லாம் அதுதான் சரி. ஆனால் சளிக்குள் இருப்பதைப் பார்க்க, கீழேயிருந்து வெளிச்சம் ஊடுருவி வருகிற, லேபில் இருக்கிற சாதாரண மைக்ரோஸ்கோப்தான் வேண்டும். நாற்பது, நூறு, நானூறு மடங்கு. அதற்கு மேல் உனக்கு ஒரு வேலையும் இல்லை. எண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆயிரம் மடங்கு லென்ஸுக்காகக் காசைக் கொட்டாதே.

பவரைவிட முக்கியமானது, கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சரும் வெளிச்சத்தைக் குறைக்கிற கதவும். உயிரோடு இருப்பதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிச்சத்தை அள்ளிக் கொட்டினால் ஒன்றுமே தெரியாது. கதவைக் கொஞ்சம் மூடினால்தான் விளிம்பு தெரியும். ஸ்லைடைத் திருகு வைத்து நகர்த்துகிற வசதி இருக்கட்டும், விரலால் தள்ளினால் உயிரி ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் போவீர்கள். பேட்டரியில் எரிகிற விளக்காக இருந்தால் நல்லது. தேர் வருகிற தெருவில் வீடு இருப்பவர்களுக்கு இது புரியும். தேர் திரும்பி நிலைக்குப் போகிற வரைக்கும் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். உன் ஊரில் தேர் இல்லை, நீ இதை விட்டுவிடலாம்.

நான் வாங்கினது சென்னையில், பழைய லேப் சாமான் விற்கிறவரிடம். இரண்டு கண் வைத்துப் பார்ப்பது. அவர் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். நான் பழையதை எடுத்து, கண் வைக்கிற ஐபீஸைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்ததும், "மேடம் லேபுங்களா?" என்று கேட்டு உட்கார ஸ்டூல் போட்டார். நீயும் பழையது வாங்கினால் அதை முதலில் பார். லென்ஸில் சிலந்திக் கூடு மாதிரி தெரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஐபீஸைத் திறந்து என் தலைமுடி ஒன்றை நகப்பாலிஷ் வைத்து உள்ளே ஒட்டியது. எங்கள் லேபில் எல்லா மைக்ரோஸ்கோப்பிலும் அப்படித்தான். டாக்டர் வந்து பார்த்தால், "முடி நுனியில இருக்கறதப் பாருங்க சார்" என்று காட்டலாம். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தானா கொட்டுறது போதாதுன்னு புடுங்கி வேற ஒட்றியாமா?" என்றார். ஒட்டும்போது கை ஆடி, நுனி கொஞ்சம் வளைந்து போனது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒன்றும் வைக்காத வெறும் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். இதை நீயும் செய்ய வேண்டும், மறக்கக் கூடாது. வெறும் ஸ்லைடில் என்னென்ன தெரிகிறதோ அதெல்லாம் உன் மைக்ரோஸ்கோப்பின் சொத்து. தூசி, கீறல், முடி. அதை மனப்பாடம் செய்துகொண்டால், நாளைக்குத் தண்ணீரில் பார்க்கும்போது எது தொட்டியுடையது, எது உன்னுடையது என்று குழப்பம் வராது. அப்புறம் அந்தச் சளியை டிராப்பரில் உறிஞ்சி ஸ்லைடில் போட்டேன். இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ரத்தத்துக்குச் செய்வது போலவே சொட்டை இழுத்துத் தேய்த்து, காயவைத்து, மெத்தனால் ஊற்றி நிலைநிறுத்தி, சாயம் போட்டு, கழுவி, மறுபடி காயவைத்து, பத்திரமாகப் பார்த்தேன். கை பழகின வேலை, யோசிக்கவே இல்லை. உப்புப் பூத்துப் பாதி மறைத்திருந்தது. மீதியில் பழுப்பாக முட்டை முட்டையாக உடைந்து கிடந்தன. "டயாட்டம்டா. கவலைப்படாத, தண்ணிய மாத்திக்கினே இருந்தா போயிடும்" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். நீயும் நம்பினாய். குடம் குடமாகத் தண்ணீர் மாற்றினேன். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. நீ சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே, விரல் விரலாக ஆடுகிற அந்தப் பச்சைப் பவளம், அது சுருங்கிப் போனது. சளி மட்டும் நன்றாக வளர்ந்தது.

அப்போதுதான் நீ கேட்டாய். "அம்மா, அதுங்க நகருதா?"

"எப்பிட்றா நகரும்? நான்தான் கொன்னுட்டனே."

நீ ஃபோனில் சிரிக்க ஆரம்பித்தாய். நீ அந்த ஊருக்குப் போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் என் லென்ஸுக்குக் கீழே வந்த ரத்த அணுக்கள், கிருமிகள் முக்கால்வாசிப் பேரும் இறந்த பிறகுதான் வந்தார்கள். உயிரோடு இருப்பதை உயிரோடு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே, இப்படிச் செய். மணலின் மேலிருந்து சளியை டிராப்பரில் எடு. கையுறை போட்டுக்கொள், சில வகைகளுக்கு விஷம் உண்டு. ஒரு சொட்டு, அதன் மேல் மெல்லிய மூடு கண்ணாடி. அதை ஒரு ஓரமாகச் சாய்த்து மெதுவாக இறக்கினால் காற்றுக் குமிழி வராது. புதிதாகப் பார்க்கிறவர்கள் குமிழியைப் பார்த்துத்தான் முதலில் அலறுவார்கள். சின்ன லென்ஸில் தொடங்கு. பெரிய லென்ஸுக்குப் போகும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே கிட்டே கொண்டுபோ, பிறகு கண்ணை வைத்து விலக்கிக்கொண்டே தெளிவு பண்ணு. கண்ணை வைத்துக்கொண்டு கிட்டே கொண்டுபோனால் மூடு கண்ணாடி படார் என்று உடையும், லென்ஸில் உப்புத் தண்ணீர் ஏறும். பார்த்து முடித்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த லென்ஸ் தாளால் துடை. சட்டை நுனியால் துடைத்தாய் என்று தெரிந்தால் அங்கேயே வந்து உதைப்பேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உருண்டையாக, ஒரு பக்கம் கூராக, ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. முளையில் கட்டின கன்றுக்குட்டி கயிற்றோடு சுற்றுமே, அப்படி. முடி நுனியை ஒன்றின் பக்கத்தில் வைத்து ஃபோனில் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். டைனோ என்று அந்தச் சுற்றே சொல்லிவிட்டது. தண்ணீரைப் பரிசோதித்தால் நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. போட்டிக்கு வேறு எதுவும் வளர முடியாத அளவுக்கு நான் சுத்தம் பண்ணி வைத்திருந்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினோம். மீனுக்குத் தீனியைக் கூட்டினோம். புற ஊதா விளக்கு வாங்கி மாட்டினோம். சில நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கினோம். உன் அப்பா கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "திரை போட்டாச்சா? அலங்காரம் முடிஞ்சி எப்போ தரிசனம்?" என்பார். திரையை எடுத்த அன்றைக்கு மணல் வெளுத்திருந்தது. பச்சைப் பவளம் பாதி விரலை நீட்டியிருந்தது. அன்றைக்கு நாம் மூன்று பேரும் ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தோம்.

அதோடு தொட்டி தேறிவிட்டது. நீ கூப்பிடுவதும் குறைந்தது. தினமும் என்பது வாரம் ஒரு தடவையாயிற்று. பிறகு, "வேலை ஜாஸ்திம்மா" என்று ஒரு வரிச் செய்தி. தண்ணீர் நன்றாக இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது? எனக்கு வருத்தமாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் குளிர் தொடங்கின சமயம், அங்கேயும் ஒரு சின்னத் தொட்டி வாங்கியிருப்பதாகச் சொன்னாய். எங்களுக்குச் சந்தோஷம். மறுபடி கூப்பிட ஆரம்பித்தாய். உப்பு எவ்வளவு, பாறை எப்போது வைப்பது என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே என்னிடம் கேட்டாய். தொட்டியைக் காட்டுடா என்றால், "இன்னும் கலங்கலா இருக்குதும்மா" என்றாய். சென்ற வாரம் ஒரு வீடியோ அனுப்பினாய். "இங்கயும் பழுப்பு வந்துட்டுதும்மா. கடைக்காரர் அவர் மைக்ரோஸ்கோப்ல எடுத்துக் குடுத்தார். என்னதுன்னு பாரேன்."

பார்த்தேன். உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், மேலே வலப்பக்கத்திலிருந்து ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. நுனி வளைந்த முடி.

வெறும் ஸ்லைடை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன் என்று சொன்னேனே. இருந்தாலும் லேப் வழக்கப்படி இன்னொரு கண்ணிடம் காட்டினேன். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சேலையில் இழை பிசகு தேடுகிற மாதிரி பார்த்தார். "இது உன் முடிதாம்மா. வளைஞ்சிருக்குது பாரு. நீ அனுப்பினதையே உனக்குத் திருப்பி அனுப்பிக்கீறான்." வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டு, "அப்போ அங்க தொட்டியே இல்லியா? இன்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்றார்.

இன்னொருவர் சாம்பிளைத் தன் பேரில் கொடுப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத காரியம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் உன் கல்லூரி விடுதி ஞாபகம் வந்தது. ஒரு நாள் கூப்பிட்டு, சட்டையில் மைக் கறை போக என்ன போடணும் என்று கேட்டாய். சொன்னேன். நீ ஃபோனை வைக்கவில்லை. வெள்ளைச் சட்டையா கலர் சட்டையா என்று கேட்டதற்கு முதலில் வெள்ளை என்றாய், அப்புறம் கலர் என்றாய். சந்தேகப்பட்டு உன் அப்பாவை பஸ் ஏற்றி அனுப்பினேன். அவர் வந்து பார்த்தால் நீ டைபாய்டில் சுருண்டு கிடந்தாய். சட்டையில் கறையே இல்லை. உனக்குச் சின்ன வயதிலிருந்தே நேராகப் பேச வராது. கையில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். அது ஞாபகம் வந்ததும் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. உன் அப்பா, "பேசணும்னா கூப்ட்டுப் பேசித் தொலைக்க வேண்டியதுதான, கழுதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டார். காலையில்தான் போட்டிருந்தேன். நான் தடுக்கவில்லை.

அன்றைக்கு உனக்கு, "டைனோதான், தண்ணி மாத்தாத" என்று ரிப்போர்ட் அனுப்பினேன். கேட்டதற்குப் பதில். இப்போது கேட்காததற்கும் சொல்கிறேன். அங்கே தொட்டி இருக்கிறதோ இல்லையோ, அதை நீ எனக்கு நிரூபிக்க வேண்டாம். இருந்தால் மேலே எழுதினபடி ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கு. முடி ஒட்டுவதாக இருந்தால் உன்னுடையதை ஒட்டு. இல்லையென்றால், என்னிடம் பேசுவதற்காக ஒரு சாமானை வாங்கி வைக்காதே. உடம்பு சரியில்லை என்றால் சொல். இருக்கப் பிடிக்கவில்லை என்றாலும் சொல், பிடிக்காத ஊரிலிருந்து திரும்பி வருவது ஒரு குற்றமில்லை.

சொல்ல ஒன்றுமே இல்லையா? எங்கள் லேபில் வந்த ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. "கிருமி எதுவும் காணப்படவில்லை" என்று எழுதுவோம். அதற்கும் அதே தாள், அதே முத்திரை, அதே கையெழுத்து. அதை வாங்கிக்கொண்டு போக ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள். நீயும் அப்படிக் கூப்பிடு. "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல். நான் "சரிப்பா" என்கிறேன். அதற்கப்புறம் நாம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் உனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். நீயாக ஃபோனை வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.